முத்தை எண்ணியோரும் மூச்சை அடக்கியோரும்: மன்னார்ச் சலாபத்தில் உடற்பரிசோதனை – ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்க் குடாக்கடலின் முத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அரசர் அதனைத் திறையாகப் பெற்றனர். வணிகர் அதன் விலையைக் குறித்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அதன் வருவாயைக் கணக்கெழுதினர். ஆயின் முத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு முத்தெடுத்தவனின் வரலாறு எழுதப்படவில்லை. கடலின் அடிக்குச் சென்று மீண்டவன் எந்நிலையில் மீண்டான், அவனது உடலை யார் பார்த்தனர், எதற்காகப் பார்த்தனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே போயின.

இவ்வினா மன்னாருக்கு மட்டும் உரியதன்று. உடலைப் பணயம் வைத்துச் செய்யப்படும் தொழில்களுக்கும் விளையாட்டுக்களுக்கும் பொதுவானது. நம் காலத்தில் இது குத்துச்சண்டை முதலான போர்விளையாட்டுக்கள் தொடர்பாகவே மிகுதியும் பேசப்படுகின்றது. மேடையை விட்டு இறங்கும் வீரனின் மூளை அதிர்ச்சியுற்றுள்ளதா என்பதைச் சண்டை முடிந்தவுடன் பரிசோதித்தறிதல் வேண்டும் என்னும் கொள்கை இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. அக்கொள்கை உருவான வரலாற்றின் துணைகொண்டு மன்னார்ச் சலாபத்தின் பழைய வரலாற்றை நோக்குமிடத்து, இதுவரை கவனிக்கப்படாத உண்மையொன்று புலப்படும். அவ்வுண்மையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலாபமும் அதன் களமும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியில் முத்துச் சிப்பிகள் படிந்துள்ள திட்டுக்கள் உள. இவை ‘பார்’ எனப்படும். பெரியபார், சேவல்பார் முதலியன அவற்றுட் புகழ் பெற்றவை. இப்பார்கள் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்திற் கிடப்பவை. முத்துக்குளிப்பு நடைபெறும் பருவமும் அதற்கென அமையும் தற்காலிக நகரமும் சலாபம் என்ற சொல்லாற் குறிக்கப்பட்டன.

இக்கடலின் முத்து பண்டைக்காலந்தொட்டே அறியப்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்புளுஸ்’ என்னும் கிரேக்க நூல், எதிர்க்கரையிலுள்ள பாண்டியரின் கொற்கையைக் குறிப்பிடுகையில், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டே அங்கு முத்துக்குளிக்கப்பட்டது எனக் கூறுகின்றது. முத்துக்குளிப்புப் பற்றிய மிகப் பழைய குறிப்புக்களுள் ஒன்றிலேயே, குளிப்பவனின் உயிர் மலிவானதாகக் கருதப்பட்டமை தெரியவருதல் நோக்கற்பாலது. பிற்காலத்தில் இத்தொழில் பரவர், கீழக்கரை முதலிய ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தாரும் மன்னாரைச் சேர்ந்தோருமான தமிழர், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியர் ஆகிய சுதந்திர மனிதரின் கைக்கு வந்தது. அவர்கள் கூலிக்கன்றிப் பங்கிற்கே குளித்தனர். பிரித்தானியர் காலத்தின் பிற்பகுதியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிப்போருக்கும் உரியதாயிற்று.

பிரித்தானியருக்குச் சலாபம் எத்துணை முக்கியமாயிருந்தது என்பதற்கு அரிப்பில் இன்றும் இடிந்து நிற்கும் ‘டொறிக்’ மாளிகையே சான்று. தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கட்டுவித்தார். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. ஆயின் 1907இன் பின்னர் பார்கள் வறண்டமையாற் கம்பனியும் நிலைக்கவில்லை.

கல்லும் கயிறும் மூச்சும்

குளிக்கும் முறை எளிமையானது. ஒரு வள்ளத்திற் பொதுவாகக் குளிப்போர் பதின்மரும் அவர்தம் கயிறுகளைப் பிடிப்போர் பதின்மரும் தண்டல் முதலிய பிறரும் செல்வர். இருவருக்கு ஒரு கல். ஒருவன் கல்லிற் காலை வைத்து, மூக்கைப் பிடித்து, மூச்சையடக்கி இறங்குவான். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிட்டுக் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் இடுவான். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான், மேலுள்ளவர் இழுத்துக்கொள்வர். அவன் இளைப்பாறும் வேளையில் மற்றவன் இறங்குவான். நள்ளிரவிற்குப் பின் நிலக்காற்றோடு புறப்பட்ட வள்ளங்கள் விடிந்ததும் தொழிலைத் தொடங்கி, நண்பகலிற் கடற்காற்று எழும்போது கரை திரும்பும்.

இலங்கையிற் பணியாற்றிய படையதிகாரியான றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் இக்குளிப்பை விவரித்துள்ளார். வள்ளத்தில் ஏறியவர்களின் வாய், மூக்கு, காது ஆகியவற்றினின்று நீரும், அடிக்கடி குருதியும் வெளிப்பட்டன என்றும், எனினும் அது அவர்கள் தம் முறை வந்ததும் மீண்டும் இறங்குவதைத் தடுக்கவில்லை என்றும், ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை குளிப்பவரும் இருந்தனர் என்றும் அவர் கூறுகின்றார். நீருள் நிற்கும் நேரம் பற்றிப் பழைய நூல்கள் நம்பற்கரிய செய்திகளைத் தருவன. பின்னர் கடிகாரங்கொண்டு அளந்தோர் பெரும்பாலும் ஒரு நிமிடத்தையொட்டிய கணக்கையே தந்தனர்.

இன்றைய உடற்றொழிலியல் அறிவுகொண்டு நோக்கின், பேர்சிவல் கண்ட குருதியின் காரணம் விளங்கும். கடலிற் பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழப் பதினெட்டு மீற்றர் ஆழத்தில், உடல் மேற்பரப்பிலுள்ளதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைந்த அமுக்கத்தைத் தாங்குகின்றது. நடுச்செவியின் காற்று அதற்கேற்பச் சமன் செய்யப்படாவிடிற் செவிப்பறை கிழியும். மூக்கையொட்டிய எலும்பறைகளில் நுண்குழாய்கள் வெடித்துக் குருதி கசியும். இவை கண்ணுக்குத் தெரியும் காயங்கள். கண்ணுக்குத் தெரியாதது மூளையில் நிகழ்வது. மூச்சடக்கி எழுகையில் ஒட்சிசன் திடீரெனக் குறைவதால் நீர்மட்டத்தை அணுகும்போதே நினைவிழப்போர் உளர்.

பரிசோதிக்கப்பட்டவை யாவை?

சலாபத்தில் உடற்பரிசோதனையே நடைபெறவில்லையென எண்ணுதல் தவறாகும். உண்மையில் மிகக் கண்டிப்பான பரிசோதனைகள் அங்கு நிகழ்ந்தன. அவை எவற்றுக்காக நிகழ்ந்தன என்பதிலேதான் வரலாற்றின் செய்தி அடங்கியுள்ளது.

முதலாவதாக, சிப்பி பரிசோதிக்கப்பட்டது. முத்துப்பார்களுக்கென அரசு தனியான மேற்பார்வையாளரை நியமித்திருந்தது. அவர் பார்களைப் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவித்த பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். இளஞ்சிப்பி நிறைந்த பார்கள் முதிரும்வரை மூடப்பட்டிருக்கும். சலாபங்கள் பொய்த்தபோது அதன் காரணத்தை ஆராய்வதற்கென 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவரும் ஜேம்ஸ் ஹோர்னெலும் செய்த ஆய்வு ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. சிப்பியின் உணவும் நோயும் இனப்பெருக்கமும் அத்தொகுதிகளில் நுணுக்கமாக ஆராயப்பட்டன.

இரண்டாவதாக, குளிப்போரின் வயிறு பரிசோதிக்கப்பட்டது. வள்ளத்திலேயே சிப்பியைத் திறந்து முத்தை விழுங்கியதாக ஐயுறப்பட்டோர் அடைத்து வைக்கப்பட்டு, வாந்திக்கும் பேதிக்கும் கடும் மருந்துகள் கொடுக்கப்பட்டனர் என்பதையும் பேர்சிவலே எழுதியுள்ளார். மருந்து இங்கு நோயாளிக்காகக் கொடுக்கப்படவில்லை, முத்துக்காகக் கொடுக்கப்பட்டது.

மூன்றாவதாக, தொற்றுநோய் பரிசோதிக்கப்பட்டது. ஆளற்ற மணற்கரையிற் சில வாரங்களுள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடும்போது வாந்திபேதி ஓயாத அச்சமாக இருந்தது. மறிச்சுக்கட்டி முகாமில் நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியவற்றோடு வைத்தியசாலையும் அமைந்தது. இந்த ஏற்பாடு பலரின் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் தலையாய நோக்கம் கூட்டத்தைக் காத்தலேயன்றித் தனியொரு குளிப்பவனின் தொழிற்காயத்தைக் கண்டறிதலன்று. இதே மன்னார் நீரிணையைக் கடந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரும் அம்மை, வாந்திபேதி ஆகியவற்றுக்காகவே தடுத்துப் பரிசோதிக்கப்பட்டனர். வந்தவனால் நாட்டுக்குத் தீங்கு நேருமா என்பதே வினா; வந்தவனுக்கு வழியில் என்ன நேர்ந்தது என்பது வினாவாகவில்லை.

ஆக, சிப்பி தன் முதிர்ச்சிக்காகவும், வயிறு திருட்டுக்காகவும், உடல் தொற்றுக்காகவும் பார்க்கப்பட்டன. காதிலிருந்து குருதி வடிய வள்ளத்தில் ஏறியவனை மறுமுறை இறக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு எவர்க்கும் உரியதாகவில்லை. அவனே அதனைத் தீர்மானித்தான். பங்கிற்குக் குளிப்பவன், இறங்காத ஒவ்வொரு முறையும் தன் வருவாயை இழப்பவன். அவன் எவ்வாறு தீர்மானித்திருப்பான் என்பதை ஊகித்தல் கடினமன்று. 1906ஆம் ஆண்டுச் சலாபத்திற் கடமையாற்றிய லெனாட் வுல்வ், பின்னர் ‘முத்துக்களும் பன்றிகளும்’ எனப் பொருள்படும் தலைப்பிற் சிறுகதையொன்றை எழுதினார். குளிப்பவன் ஒருவனின் இறப்பு அக்கதையில் இடம்பெறுகின்றது. அரசின் கணக்கேடுகள் பேசாதவிடத்து இலக்கியம் பேசியமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கடல்கட்டி தரும் பாடம்

இவ்விடத்தில் ஒரு விலக்கையும் குறிப்பிடல் வேண்டும். குளிப்போர் தம் பாதுகாப்புக்காக எதனையும் கோரவில்லை எனல் பொருந்தாது. சுறாக்களின் வாயை மந்திரத்தாற் கட்டுபவராகக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’ இன்றி அவர்கள் கடலில் இறங்க மறுத்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கடலின் முத்துக்குளிப்பை வருணிக்கையிலேயே இத்தகைய மந்திரவாதிகளுக்கு வணிகர் பங்கு கொடுத்ததைக் கூறுகின்றார். மந்திரத்தில் நம்பிக்கையற்ற பிரித்தானிய அரசும் கடல்கட்டிக்கு ஊதியம் வழங்கியே வந்தது. அவரின்றிச் சலாபம் நடவாது என்பதே காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பதவியை வகித்தவர் கத்தோலிக்கராயிருந்தார் என எமேர்சன் தெனன்ற் எழுதுவது, அந்நம்பிக்கை சமய எல்லைகளையும் கடந்து நின்றமையைக் காட்டுகின்றது.

கடல்கட்டியின் மந்திரம் சுறாவைத் தடுத்ததோ என்பது வேறு. குளிப்போர் ஒருங்கே மறுத்தபோது அரசு அவர்களின் அச்சத்துக்குச் செலவிட்டது என்பதே வரலாற்றாசிரியர் கருதவேண்டியது. சுறா கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. ஆதலால் அதற்கெதிராக ஒன்றுபட முடிந்தது. செவிக்குள்ளும் மூளைக்குள்ளும் நிகழ்ந்த தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. ஆதலால் அது தொழிலின் இயல்பாகவே ஏற்கப்பட்டது.

மேடையிலிருந்து வந்த வினா

கண்ணுக்குத் தெரியாத காயம் தொழிலின் இயல்பாகக் கருதப்பட்டமைக்குக் குத்துச்சண்டையின் வரலாறு நெருங்கிய ஒப்புமையாகும். 1867இன் குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. கையுறை குத்துபவனின் கையெலும்பைக் காத்ததேயன்றிக் குத்துப்படுபவனின் மூளையைக் காக்கவில்லை. தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் மறதியும் கொண்ட பழைய வீரரைக் கண்டு இரசிகர்கள் குடிவெறியரோடு ஒப்பிட்டு நகைத்தனர். 1928இல் அமெரிக்க நோயியல் வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட், அந்த நகைப்புப் பெயரையே தலைப்பாக்கி, அந்நிலை மூளைக்கு ஏற்பட்ட காயத்தின் விளைவு என ஒரு மருத்துவக் கட்டுரையில் எடுத்துரைத்தார். 1973இல் இங்கிலாந்தில் கோர்செலிசும் அவர்தம் துணைவரும் பதினைந்து குத்துச்சண்டை வீரரின் மூளைகளை ஆராய்ந்து அக்காயத்தின் அடையாளங்களை நிறுவினர்.

அறிவு கிடைத்தும் விதி உடனே மாறவில்லை. மரணங்களே விதியை மாற்றின. 1962இல் நியூயோர்க்கில் பெனி பரே தொலைக்காட்சி பார்த்திருந்த மக்களின் கண்முன்னே அடிபட்டுச் சில நாட்களில் இறந்தார். 1982இல் கொரிய வீரர் கிம் டுக் கூ பதினான்காம் சுற்றில் வீழ்ந்து இறந்த பின்னரே உலகக் குத்துச்சண்டைப் பேரவை பதினைந்து சுற்றுக்களைப் பன்னிரண்டாகக் குறைத்தது. சுவீடன் 1970இலும் நோர்வே 1981இலும் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்தன. பல ஆண்டுகளின் பின்னரே அத்தடைகள் தளர்த்தப்பட்டன. இலங்கையும் இவ்விளையாட்டுக்குப் புறம்பானதன்று. 1938இல் சிட்னியில் நிகழ்ந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கப்பதக்கம் வென்றமை நம் விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்ற செய்தியாகும்.

இந்நூற்றாண்டிலேதான் பரிசோதனை முறைப்படுத்தப்பட்டது. 2001இல் வியன்னாவில் விளையாட்டில் ஏற்படும் மூளையதிர்ச்சி பற்றிய முதலாவது அனைத்துலக மாநாடு கூடியது. 2004இல் பிராக் மாநாட்டின் வழியாகப் பொதுவானதொரு பரிசோதனைப் படிவம் உருவாயிற்று. 2022இல் அம்ஸ்ரடாம் மாநாட்டின் பின் வந்தது அதன் ஆறாவது வடிவமாகும். இடம், நாள், போட்டி ஆகியவற்றைக் கேட்டல். சில சொற்களைச் சொல்லி உடனேயும் சிறிது நேரங்கழித்தும் திருப்பிச் சொல்லச் செய்தல். எண்களையும் மாதங்களையும் பின்னிருந்து முன்னாகக் கூறச் செய்தல். நிற்கும் நிலையின் சமநிலையைப் பார்த்தல் என அது அமைந்துள்ளது. கருவிகள் பெரிதும் வேண்டியதில்லை.

இப்பரிசோதனையின் சிறப்பு அதன் வினாக்களிலன்றி அதன் அடிப்படையிலேயே உள்ளது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ எனக் கூறும் வீரனின் சொல் போதிய சான்றாகாது என்பதே அவ்வடிப்படை. மூளையதிர்ச்சியுற்றவர் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. அறிகுறிகள் சில மணிநேரங்கழித்துந் தோன்றலாம். வெற்றியையோ பணத்தையோ இழக்க அஞ்சுபவன் அவற்றை மறைக்கவுங் கூடும். முதலடி ஆறுமுன் விழும் அடுத்த அடி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் ஆதாயமற்ற ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும், ஐயம் எழுந்தால் அன்றைய நாளில் மீண்டும் இறக்காதிருக்கவும் விதி செய்யப்பட்டது. பேர்சிவல் கண்ட வள்ளத்தில் இல்லாதிருந்தவை இவ்விரண்டுமே.

ஆழம் மூளைக்குச் செய்வது

குத்துப்படுபவனையும் குளிப்பவனையும் ஒப்பிடுதல் வெறும் உவமையன்று. 1965இல் ஈ. ஆர். குரொஸ் என்பவர் பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்போரிடையே ‘தரவானா’ எனப்பட்ட நோயைப் பற்றி எழுதினார். பித்துப் பிடித்து வீழ்தல் என்பது அச்சொல்லின் பொருள். பல மணிநேரம் திரும்பத் திரும்பக் குளித்தவர்க்குத் தலைச்சுற்றல், கைகால் வழங்காமை, மனக்குழப்பம் முதலியன ஏற்பட்டன, இறந்தோரும் உளர். அண்மைக் காலத்தில் யப்பானிய ‘அமா’ குளிப்போர் சிலரின் மூளையிற் காயத்தழும்புகள் காந்தப் படங்களாற் கண்டறியப்பட்டுள்ளன. மூச்சடக்கியே குளிப்பினும், மீண்டும் மீண்டும் ஆழஞ் செல்வதால் நைதரசன் உடலில் தேங்கித் தீங்கு செய்யக்கூடும் என்பது இவற்றால் விளங்கிற்று.

துவாமோத்துக் குளிப்போர் மன்னார்ப் பார்களிலும் மிக்க ஆழத்துக்குச் சென்றனர் என்பதை மறத்தலாகாது. எனினும் குரொஸ் தந்த மற்றொரு செய்தி நம் கவனத்துக்குரியது. ஒரு குளிப்புக்கும் மறு குளிப்புக்குமிடையே பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் இளைப்பாறிய மங்கரேவாத் தீவினரிடையே அந்நோய் காணப்படவில்லை. இருவருக்கு ஒரு கல் என்றும், நண்பகலோடு தொழில் முடிவு என்றும் மன்னாரில் நிலவிய வழக்கங்கள் இவ்வகையிற் பயனுடையனவாக இருந்திருக்கலாம். தொழிலாளரின் மரபிலே அறிவு இல்லாமலில்லை. அவ்வறிவை ஆராய்ந்து, விரித்து, விதியாக்கும் முயற்சியே இல்லாதிருந்தது.

முடிவுரை

பெருஞ் சலாபங்களின் காலம் முடிந்துவிட்டது. ஆயின் மன்னார்க் கரையிற் குளிப்பு முடியவில்லை. சங்குக்கும் கடலட்டைக்குமாக இன்று காற்றுக் கலன்களைச் சுமந்து இறங்குவோர் உளர். கலன் மூச்சை நீட்டியது, ஆபத்தையும் நீட்டியது. ஆழத்தில் நெடுநேரம் நின்று விரைந்து மேலெழுபவரின் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றி, மூட்டுவலி முதல் நிலையான முடம் வரை விளைவிப்பதை மருத்துவ உலகம் நன்கறியும். உரிய அமுக்க அறைச் சிகிச்சை தாமதிக்குந்தோறும் பயன் குறைகின்றது. ‘களைப்புத்தான், நாளை சரியாகும்’ எனக் கூறிப் படுத்துவிடுபவனே அதிகம் இழக்கின்றான்.

மன்னாரின் வரலாறு உணர்த்துவது இதுவே: பரிசோதனை என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. யாருக்காகப் பார்க்கப்படுகின்றது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது. பொருளுக்காகப் பார்த்தவர்கள் சிப்பியை ஒவ்வொன்றாக எண்ணினர். கூட்டத்துக்காகப் பார்த்தவர்கள் கொள்ளைநோயைத் தடுத்தனர். உழைத்தவனுக்காகவே அவனைப் பார்க்கும் கண் குத்துச்சண்டை மேடையிற்கூட நெடுங்காலத்தின் பின், பல மரணங்களின் பின்னரே திறந்தது. ஆதாயமற்ற ஒருவரின் பார்வை, வருவாய் இழப்புக்கு அஞ்சாமல் ஓய்வெடுக்கும் உரிமை, ஒவ்வோர் உடலுக்கும் ஒரு பதிவு ஆகிய மூன்றும் கடலில் இறங்குவோர்க்கும் வாய்க்கும் நாள் வரல் வேண்டும். முதிராத பாரை மூடிவைத்து அதற்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த ஒரு தொழில், குளித்தெழுந்தவனுக்கும் ஓய்வு கொடுக்கக் கற்றிருக்கலாம். அதனைக் கற்க இன்னுங் காலங் கடந்துவிடவில்லை.